அரிவாள் வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

பளபளப்பைப் பார்த்து அரிவாள் வாங்குவதுதான் முதல் தவறு. நானும் அதைச் செய்திருக்கிறேன். திருவிழாக் கடையில் முகம் பார்க்கிற அளவுக்கு மினுங்கிய ஒன்றை வாங்கி வந்து, வேலியோரச் சீமைக்கருவேலத்தில் நாலு வெட்டுப் போட்டேன். வாய், அதாவது வெட்டும் ஓரம், தகரம்போல மடங்கிவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனால் ஆசாரி சிரித்தார். "வெறும் இரும்பு தம்பி, இதில் தோய்ச்சல் எங்கே பிடிக்கும்?"

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. சாதாரண இரும்பில் கரி (கார்பன்) 0.25 சதவீதத்துக்கும் குறைவு. சிவக்கக் காய்ச்சி முக்கிக் கடினமேற்றுவதுதான் தோய்ச்சல்; அப்படி முக்கினாலும் அந்த இரும்பில் போதிய கடினம் ஏறாது. லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) கரி 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி முதல் நம் ஊர்ப் பட்டறை வரை பழைய பட்டைக்கு மவுசு இருப்பது இதனால்தான்.

அதற்காக, 'பட்டையில் அடித்தது' என்ற ஒரு சொல்லை நம்பிப் பணத்தை நீட்டிவிடாதீர்கள். வருடக்கணக்காகப் பாரம் சுமந்த பட்டையில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அலகை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தோய்ச்சல் கூடினால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும், குறைந்தால் மடங்கும். வாயோரம் ஓர் அரத்தை மெல்ல இழுத்தால் தெரிந்துவிடும்: கண்ணாடியில் போவதுபோல வழுக்கினால் மிகைக் கடினம், வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் மென்மை. லேசாகக் கடித்துக் கடித்துப் போக வேண்டும்.

கனமாக இருந்தால் நன்றாக வெட்டும் என்பதும் பொய்க் கணக்கு. விறகுக்குத் தடித்த முதுகு வேண்டும்; பாளை சீவ மெல்லிய அலகு வேண்டும். பத்து நிமிடம் ஓங்கிய பிறகும் மணிக்கட்டு வலிக்காத எடைதான் உங்கள் எடை.

பிடியை யாருமே பார்ப்பதில்லை. எனக்கு இதில்தான் கோபம். வேலையின் நடுவில் கழன்று பறக்கிற அலகைவிட ஆபத்தானது வேறில்லை. அலகின் வால் பிடிக்குள் அரைகுறையாக நுழைந்திருக்கிறதா, மறுபுறம் வரை வந்து மடக்கி அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிடியைச் சுற்றிய பூண் (உலோக வளையம்) இறுக்கமாக இருக்க வேண்டும். முதுகை ஒரு கட்டையில் தட்டும்போது பிடிக்குள் 'கிறுகிறு' என்று அதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டறையில் பெயரும் முகவரியும் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். வாங்குவோர் விவரத்தைக் குறித்துவைக்கும்படி 2021இல் காவல்துறை அறிவுறுத்தியது.

நல்ல அரிவாளை வாங்கிய பின் அதைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சாரச் சாணை. தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால் வாயில் நீலம் படரும். இரும்பு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டதன் அடையாளம் அது. கூர்மையான ஓரத்தில் சூடு அதற்கு மேலும் ஏறியிருந்தால் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று பொருள். நீலம் படர்ந்த பகுதியைத் தேய்த்தே எடுக்க வேண்டும், அல்லது மறுபடியும் உலைக்குப் போக வேண்டும். அரமும் கல்லும் மெதுவானவை, ஆனால் அலகைச் சுடாதவை.

அந்தத் திருவிழா அரிவாள் இப்போது வீட்டில் வாழையிலை அறுக்கிறது. அதற்குப் போதும்.