ஹோபார்ட் போலாமா வேணாமா: பெட்டி கட்டறதுக்கு முன்னாடி எடை போட்டு பாருங்க

லீவுல தர்மபுரி வந்து பென்னாகரம் ரோட்டுல ஒரு டீ குடிக்க உக்காந்தா போதும், யாராவது ஒருத்தர் வந்து "அண்ணே, நீங்க இருக்கற ஊருக்கு எப்படி வர்றது"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. எங்க மாமா மட்டும் இன்னமும் டாஸ்மேனியான்னா டாஸ்மாக்குல ஏதோ பெரிய போஸ்ட்டுன்னு நெனச்சிட்டிருக்காரு, அத விடுங்க. எப்படி போறதுன்னு சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க, போலாமா வேணாமான்னு எப்படி யோசிக்கிறதுன்னு தான் யாரும் சொல்றதில்ல. எனக்கும் யாரும் சொல்லல. எங்க வீட்டுக்காரி நர்ஸ், விசா அவ பேர்ல தான், நான் ஓசூர்ல டூல் ரூம்ல இருந்துட்டு அவ கூட ஆஸ்திரேலியாவுல இருக்கற ஹோபார்ட்டுக்கு வந்தவன், வந்து ரெண்டு குளிர்காலம் ஓடிப்போச்சு.

மொதல்ல ஊரோட அளவு மனசுல பதியணும். டாஸ்மேனியா ஆஸ்திரேலியாவுக்கு கீழ தனியா கெடக்கற தீவு, பரப்பளவு நம்ம தமிழ்நாட்டுல பாதிக்கு மேல வரும், ஆனா மொத்த ஜனமே 6 லட்சத்துக்கு உள்ள தான். நம்ம தர்மபுரி மாவட்டம் மட்டும் 2011 கணக்குல 15 லட்சம். தலைநகரம் ஹோபார்ட், சுத்துப்பட்டெல்லாம் சேத்து ரெண்டரை லட்சம் பக்கம். பயணிகள் ரயில் 1978லயே நின்னுபோச்சு, பஸ்ஸும் காரும் தான். கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு ரயில் இல்லாத ஊரு ஒன்னும் புதுசில்ல, அதனால அவங்க சீக்கிரம் பழகிக்குவாங்க.

இந்த மாதிரி சின்ன ஊர எடை போட நான் கண்டுபிடிச்ச ஒரே வழி, எத எடுத்தாலும் "இதுக்கு ரெண்டாவது இருக்கா"ன்னு கேக்கறது. இந்த வேலை போச்சுன்னா ரெண்டாவது கம்பெனி இருக்கா, இந்த வீட்டு ஓனர் காலி பண்ண சொன்னா ரெண்டாவது வீடு கெடைக்குமா, இந்த ஒரு ஃப்ரெண்டு வேற ஊரு போயிட்டா பேச ரெண்டாவது ஆளு இருக்கா. பெங்களூருல இந்த கேள்வியே வராது, அங்க எல்லாத்துக்கும் இருபதாவது கூட இருக்கும்.

வேலைய எடுத்துக்கோங்க. சீக் வெப்சைட்ல ஹோபார்ட்னு போட்டு உங்க தொழில தேடுங்க, ஒரு நாள் பாத்துட்டு விடாம மூனு மாசம் வாராவாரம் பாருங்க, எத்தன வேலை வந்திருக்குன்னு எண்ணாதீங்க, எத்தன வேற வேற கம்பெனிங்க ஆள் எடுக்கறாங்கன்னு எண்ணுங்க. ஒரே கம்பெனி பத்து விளம்பரம் போட்டா அது ஒன்னு தான். நர்ஸுக்கு பெரிய அரசு ஆஸ்பத்திரி ராயல் ஹோபார்ட் ஒன்னு தான், ஆனா பிரைவேட் ஆஸ்பத்திரி இருக்கு, முதியோர் இல்லம் நெறய இருக்கு, அதனால அவங்க தப்பிச்சுக்குவாங்க. என்ன மாதிரி ஓசூர் ஆட்டோ லைன் ஆளுங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும், ஆஸ்திரேலியாவுல கார் தயாரிக்கறதே 2017ல நின்னுபோச்சு. ஹோபார்ட்ல ஃபேக்டரின்னு பாத்தா துத்தநாகம் உருக்கற நிர்ஸ்டார், அலுமினியத்துல கப்பல் கட்டற இன்கேட், கிளேர்மான்ட்ல கேட்பரி, அப்புறம் சின்ன சின்னது. நல்ல வெல்டருக்கு வழி இருக்கு. அச்சு செய்யற டை மேக்கருக்கு... எனக்கு ஏழு மாசம் ஆச்சு, அதுவும் டை வேலை கெடைக்கல, ஒரு உணவு கம்பெனியில மெயின்டெனன்ஸ் தான். ஐடி ஆளுங்க ரிமோட்ல செய்யலாம்னு நெனைக்கிறீங்கன்னா அந்த கம்பெனி எழுத்துல ஒத்துக்கிட்டா மட்டும் நம்புங்க.

விசாவ சுருக்கமா சொல்லிடறேன். தொழில் திறமைக்கு பாயின்ட் போட்டு தர்ற விசா, பெரும்பாலும் 190ம் நம்பர், இல்லன்னா 491ம் நம்பர். 190 நேரா பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை, மாநில அரசு நம்மள சிபாரிசு பண்ற ஸ்டேட் நாமினேஷனுக்கு 5 பாயின்ட். 491 அஞ்சு வருஷ தற்காலிக விசா, 15 பாயின்ட், ரீஜனல் ஏரியாவுல மூனு வருஷம் இருந்து டேக்ஸ் கட்டின பேப்பர் காட்டி 191ங்கற பிஆர் விசாவுக்கு போகணும். குறைஞ்சது 65 பாயின்ட் வேணும், வயசு 45க்கு உள்ள, 25லருந்து 32 வரைக்கும் தான் வயசுக்கு முழுசா 30 பாயின்ட், 33 ஆச்சுன்னா 25. அதனால யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு ரெண்டு வருஷம் இழுத்தா அதுக்கும் ஒரு வெல இருக்கு. இதுலயும் அந்த "ரெண்டாவது இருக்கா"ங்கற கேள்விய கேளுங்க: 491ல சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் போக முடியாது, ஆனா அடிலெய்டு, பெர்த் எல்லாம் ரீஜனல் கணக்குல தான் வருது. நர்ஸுங்களுக்கு இது போக ரெஜிஸ்ட்ரேஷன் தனி, இந்தியாவுல படிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க என்கிளெக்ஸ்னு ஒரு நர்ஸிங் பரீட்சை எழுதி, அப்புறம் அடிலெய்டு போய் ஆஸ்கின்னு ஒரு செய்முறை பரீட்சை குடுக்கணும், இந்த செலவ எல்லாரும் பட்ஜெட்ல மறந்துடறாங்க, நாங்களும் மறந்தோம்.

ஏஜென்ட் பத்தி ஒரு வார்த்தை. நாங்க மொதல்ல ஒரு கன்சல்டன்சில அட்வான்ஸ் கட்டினோம், "டாஸ்மேனியா ஷ்யூர் சார், சின்ன ஸ்டேட் தானே"ன்னாங்க, மூனு மாசம் கழிச்சு ஃபோனே எடுக்கல. ஆஸ்திரேலியா மைக்ரேஷன் ஏஜென்ட்டுன்னு சொன்னா ஏழு இலக்க மாரா நம்பர், அதாவது ஏஜென்ட்டோட பதிவு நம்பர் கேளுங்க, அத அவங்க அரசாங்க ரெஜிஸ்டர்ல நீங்களே போட்டு பாருங்க, நம்பர் கேட்டதும் பேச்ச மாத்தினா எழுந்து வந்துடுங்க.

வீட்டு வாடகை தான் எல்லாரும் கணக்குல சறுக்கற எடம். அங்க வாடகை வாரத்துக்கு சொல்லுவாங்க, நம்மாளு நாலால பெருக்கி மாசத்துக்கு இவ்ளோன்னு சந்தோஷப்பட்டுக்குவான், அது தப்பு, 52ஆல பெருக்கி 12ஆல வகுங்க, இல்லன்னா வருஷத்துக்கு நாலு வாரம் காணாம போயிடும். அட்வான்ஸ் நம்மூரு பெங்களூரு மாதிரி பத்து மாசம் கேக்க மாட்டாங்க, டாஸ்மேனியா சட்டப்படி அதிகபட்சம் நாலு வார வாடகை தான், அதுவும் ஓனர் கையில இல்லாம அரசாங்க அமைப்புகிட்ட இருக்கும். ஆனா வீடு கெடைக்கறது தான் கஷ்டம், ஒரு வீட்ட பாக்க வரிசையா ஆள் நிப்பாங்க, ஊருக்கு புதுசா வந்தவன்கிட்ட பழைய வாடகை ரசீதும் இருக்காது. கையில ஆறு மாச செலவு இல்லாம ஏறாதீங்க.

இப்போ அமைதி. போட்டோவுல பாத்தா ஆசையா இருக்கும், டெர்வென்ட் ஆறு, பின்னாடி 1271 மீட்டர்ல வெலிங்டன் மலை, மேல பனி. ஜூன் மாசம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும், ஜூலையில பகல்லயே 12 டிகிரி தான், ஏற்காட்டுல டிசம்பர் ராத்திரி இருக்கற மாதிரி நாள் முழுக்க, அதுலயும் பழைய மரவீடுன்னா உள்ள வெளிய வித்தியாசமே தெரியாது. கடையெல்லாம் சீக்கிரம் சாத்திடுவாங்க, தெருவுல ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. கோயில் மைக் செட்டு சத்தத்துக்கு திட்டிட்டிருந்தவன் நான், அந்த மொத குளிர்காலத்துல ஒரு மைக் செட்டு கேக்காதான்னு இருந்துச்சு. வேலைக்கு போறவங்களுக்கு இது பெருசா தெரியாது, வீட்டுல இருக்கறவங்களுக்கு தான் தெரியும், எங்க வீட்டுல அது அந்த ஏழு மாசம் நான். அதனால கூட வர்ற ஆளுக்கு அங்க என்ன வேலை, வண்டி ஓட்ட தெரியுமா, இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாம முடிவு பண்ணாதீங்க. நம்ம லைசென்ஸ வெச்சு பிஆர் ஆளா ரொம்ப நாள் ஓட்ட முடியாது, டெஸ்ட் எழுதி ஓட்டியும் காட்டணும். நல்லது என்னன்னா அங்கயும் இடது பக்கம் தான். ராத்திரி ரோட்டுல அஞ்செட்டி பக்கம் யானைக்கு பயந்த மாதிரி இங்க வாலபிங்கற சின்ன கங்காரு ஜாதிக்கு பயந்து ஓட்டணும்.

பெத்தவங்க விஷயம் தான் நான் கடைசி வரைக்கும் யோசிக்காம விட்டது. அப்புறமா கூட்டிக்கலாம்னு சொல்லிக்கறோம் இல்ல, பேரன்ட் விசாவுக்கு காத்திருப்பு பத்து வருஷத்துக்கு மேல போகுது, அதுக்கு முன்னாடி பிள்ளைங்க கணக்கு ஒன்னு இருக்கு, சாதாரணமா பிள்ளைங்கள்ல பாதி பேராவது ஆஸ்திரேலியாவுல நிரந்தரமா இருக்கணும். மூனு பேர்ல ரெண்டு பேர் ஊருல இருந்தா கதவு சாத்தின மாதிரி தான். ஹோபார்ட்லருந்து இந்தியாவுக்கு நேரா ஃபிளைட் கெடையாது, சிட்னியோ மெல்போர்னோ போய் மாறி பெங்களூரு வந்து எறங்கி, தேவனஹள்ளிலருந்து ஓசூர் தாண்டி ஊரு வந்து சேர எப்படியும் ஒன்னு ஒன்ற நாள் ஆயிடும். எங்க பெரியப்பா போனப்ப ஐஸ் பாக்ஸ்ல வெச்சு காத்திருந்தாங்க, நான் வந்து சேரும்போது பால் தெளிக்க தான் முடிஞ்சுது. உங்க வீட்டுல இத வாய விட்டு பேசிடுங்க, யாரு வருவாங்க யாரு வர முடியாதுன்னு, அப்பா அம்மா முன்னாடியே.

இவ்ளோவும் பாத்து இன்னும் ஆசை இருக்குன்னா, காசு இருந்தா ஒரு தடவ டூரிஸ்ட் விசாவுல போய் பாத்துட்டு வாங்க, ஆனா ஜனவரில போகாதீங்க, ஜூலைல போங்க. சாலமன்கா சனிக்கிழமை சந்தை, மியூசியம் எல்லாம் ஒரு நாள்ல முடிச்சுட்டு மூனா, கிளெனார்க்கி பக்கம் மளிகை கடைங்கள்ல போய் நில்லுங்க, ராகி மாவு என்ன வெல, யாரு வாங்கறாங்க, எந்த ஊருக்காரங்கன்னு பேச்சு குடுங்க. எங்களுக்கு களி கிண்ட ஆரம்பிச்சப்ப தான் அந்த வீடு வீடா தெரிஞ்சுது. போறப்ப மாம்பழம், கருவேப்பில, பால் ஸ்வீட்டு எதுவும் பையில போடாதீங்க, ஆஸ்திரேலியா போய் எறங்கறப்ப நிரப்பற கார்டுல சாப்பாட்டு சாமான் எல்லாத்தையும் டிக் பண்ணி காட்டிடுங்க, அதோட மெல்போர்ன்ல வாங்கின ஆப்பிள கூட ஹோபார்ட் ஏர்போர்ட்டுக்குள்ள விட மாட்டாங்க, நாய் மோந்து பாத்து பக்கத்துல வந்து உக்காந்துக்கும்.