மஞ்சள் பீட்ரூட்டை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

சிவப்பு பீட்ரூட் நறுக்கினால் கை, கத்தி, பலகை எல்லாம் சாயம் ஏறிவிடும். மஞ்சள் பீட்ரூட்டில் அது கிடையாது. மேல்தோல் ஆரஞ்சு, உள்ளே நல்ல மஞ்சள், மண்வாசனை குறைவு. தயிர்ப் பச்சடி செய்தால் தயிர் இளஞ்சிவப்பாக மாறாது. நான் இருக்கும் நியூ ஜெர்சியின் தட்பவெப்பம் இதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. வீட்டுக்குப் பின்னால் நாலடிக்கு நாலடி இடம் இருந்தால் போதும், தாராளமாக வளர்க்கலாம்.

விதை வாங்கும்போது ‘பர்ப்பீஸ் கோல்டன்’ என்று தேடுங்கள். 1876-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய பர்ப்பி விதை நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய பழைய ரகம் இது. ஹைபிரிட் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய விதை) அல்ல, அதனால் விதை எடுத்து மறுபடியும் போடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: சிவப்பு ரகங்கள் அளவுக்கு இது முளைக்காது. இது இந்த ரகத்தின் இயல்பு, உங்கள் கைராசியில் குறை ஒன்றும் இல்லை. முளைத்து நான்கு இலை விட்டுவிட்டால் அப்புறம் இதைவிடச் சொன்னபடி கேட்கும் கிழங்கு கிடையாது. ஆகவே உங்கள் கவனத்தில் பெரும்பகுதியை முதல் இரண்டு வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

மண்

பாத்தியை ஓர் அடி ஆழம் கொத்திக் கல், வேர்த்துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். நன்கு மட்கிய கம்போஸ்ட் இரண்டு அங்குலம் பரப்பிக் கலந்தால் போதும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட வேண்டாம். இலை மட்டும் தளதளவென்று வரும், கீழே கிழங்கு பென்சில் பருமனில் நின்றுவிடும். மண்ணின் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 6-க்கும் 7.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் பல இடங்களில் மண் அமிலத்தன்மை உள்ளது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினால் எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்று எழுதி அனுப்புவார்கள்.

விதைப்பு

இங்கே ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஜூலை கடைசியில் ஒருமுறை விதைக்கலாம். இரண்டாவது பருவக் கிழங்குதான் எனக்குப் பிடித்தது. குளிர் ஏற ஏற இனிப்பு கூடும்.

பீட்ரூட் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக, கோணல்மாணலாக, தக்கைத் துண்டு மாதிரி இருக்கும். அது ஒரு விதை அல்ல. பல விதைகள் ஒட்டிக் காய்ந்த கொத்து. அதனால்தான் ஒரே இடத்தில் இரண்டு மூன்று செடிகள் எழும்பும். அந்த ஓட்டில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, தண்ணீரில் கரைபவை. இரவில் விதையைத் தண்ணீரில் போடுங்கள். படுக்கப் போகும் முன் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், பழுப்பாக இறங்கியிருக்கும். காலையில் வடித்து உடனே விதைத்துவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் அழுகும்.

வரிசைக்கு வரிசை ஓர் அடி இடைவெளி விட்டு, அரை அங்குல ஆழத்தில் கோடு கிழியுங்கள். அங்குலத்துக்கு ஒரு விதை, நெருக்கமாகவே போடுங்கள். பாதி வராது என்று வைத்துக்கொண்டால் மனசுக்கும் நிம்மதி, பாத்தியிலும் ஓட்டை விழாது. மூடுவதற்குத் தோட்டத்து மண் வேண்டாம். மழை பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டிவிடும், பலவீனமான முளையால் அதை உடைத்து வர முடியாது. சலித்த கம்போஸ்ட் அல்லது வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்) போட்டு மூடுங்கள்.

பிறகு பூவாளியால் மெதுவாக நனைத்து, மேலே ஈரச் சாக்கு விரியுங்கள். தினமும் காலையில் தூக்கிப் பார்க்க வேண்டும். மேல்மண் ஒரே ஒரு மதியம் காய்ந்தாலும் அந்த வரிசை போய்விடும். மண் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஏப்ரலில் 10 டிகிரி இருந்தால் மூன்று வாரம்கூட ஆகும். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். குனிந்து பாருங்கள்: தண்டு வளைந்து, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். தண்டு சிவப்பாக இருந்தால் அது வேறு ரகம் கலந்த விதை.

கலைத்து விடுவது

செடி இரண்டு அங்குலம் வந்ததும் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இங்கேதான் மனசு வராது. ஆனால் இடம் இல்லாவிட்டால் கிழங்கு பருக்காது. பிடுங்க வேண்டாம், வேர்கள் பின்னிக் கிடக்கும், பக்கத்துச் செடியும் ஆட்டம் காணும். சின்னக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்டி வெட்டுங்கள். மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒரு செடி நிற்கட்டும். வெட்டிய இலைகளைப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள், அருமையான கீரை.

பராமரிப்பு

வாரத்துக்கு ஓர் அங்குல மழை அளவுக்குத் தண்ணீர், வைக்கோல் மூடாக்கு, அவ்வளவுதான். காயவிட்டுத் திடீரென்று வெள்ளமாக விட்டால் கிழங்கு வெடிக்கும். கிழங்குக்குள் கறுப்புத் திட்டு வந்தால் பெரும்பாலும் போரான் சத்துக் குறைவு.

வசந்த காலத்தில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகச் சின்னஞ்சிறு முட்டைகள் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தால் இலைத்துளைப்பான் ஈ வந்துவிட்டது. விரலால் நசுக்கிவிடுங்கள். புழு இலைக்குள் புகுந்தபின் மருந்தால் பயனில்லை, அந்த இலையைக் கிள்ளி எறிய வேண்டியதுதான். மான், முயல், கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்துப் பெரிய விலங்கு) மூன்றுக்கும் பீட்ரூட் இலை விருந்து. வேலி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அறுவடை

விதைத்த 55 முதல் 60 நாளில் கிழங்கின் தோள் மண்ணுக்கு மேல் தெரியும். இரண்டு அங்குலம் அகலம் வந்ததும் எடுங்கள். தண்டை ஓர் அங்குலம் விட்டு மேலே திருகி எறிந்துவிட்டு, கழுவாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் பல வாரங்கள் தாங்கும்.

விதை எடுக்க நினைத்தால் இரண்டு வருடக் கணக்கு. பீட்ரூட் குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் பூக்கும். நல்ல நிறமும் வடிவமும் உள்ள கிழங்குகளை ஈர மணலில் புதைத்து, உறையாத குளிர்ந்த இடத்தில் வைத்து, வசந்தத்தில் மறுபடி நட வேண்டும். மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். பக்கத்தில் சிவப்பு பீட்ரூட்டோ, அதே இனத்துக் கீரையான சுவிஸ் சார்டோ பூத்திருந்தால் கலந்துவிடும். சிவப்பு நிறம்தான் ஓங்கி நிற்கும் என்பதால் அடுத்த தலைமுறையில் மஞ்சள் காணாமல் போகலாம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஓர் அடி ஆழப் பையில் அக்டோபர், நவம்பரில் விதைக்கலாம். கிழங்கு வரும். ஆனால் அந்தக் குளிர் பூப்பதற்குப் போதாது, விதையை ஒவ்வொரு முறையும் வாங்கத்தான் வேண்டும்.