சிங்கப்பூரில் குழந்தைகளோடு சுற்ற

டாக்சியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். எம்ஆர்டி ரயிலும் பஸ்ஸுமே போதும். கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவர் உடன் இருந்தால், 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. குழந்தையின் தள்ளுவண்டியை மடிக்காமலே பஸ்ஸில் ஏற்றலாம். ஏற்றியதும் சக்கரப் பூட்டை மிதித்துவிடுங்கள், திருப்பங்களில் வண்டி நகர்ந்துவிடும். ரயில் நிலையங்களில் நகரும் படிக்கட்டு வேகமாக ஓடும். எங்கள் சின்னவளின் செருப்பு நுனி ஒருமுறை அதன் ஓரத்தில் சிக்கப் பார்த்தது. அன்றிலிருந்து, சற்றுக் கூடுதலாக நடக்க நேர்ந்தாலும் மின்தூக்கிதான்.

முக்கியமான ஒன்று: ரயிலுக்குள் எதுவும் தின்னவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். தண்ணீருக்கும் அதே விதிதான். ஆகவே நிலையத்துக்குள் நுழையும் முன்பே பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தைப் பையின் அடியில் வைத்துவிடுங்கள்.

செயலி வழியே அழைக்கும் தனியார் வாடகைக் காரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்கு, உயரத்துக்கு ஏற்ற குழந்தை இருக்கை கட்டாயம். சாதாரண டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு.

நேரம் இருந்தால் இரட்டை மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன்வரிசையைப் பிடியுங்கள். எங்கள் பிள்ளைகள் இருவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரை அசையவே இல்லை.