தூண்டிலோடு விடுமுறைக்கு வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோடை விடுமுறை விட்டதும் ராமநாதபுரம் பக்கம் கார்களில் தூண்டில் கம்புகள் தெரிய ஆரம்பிக்கும். ரீல் புதிதாக இருக்கும், பெட்டி நிறைய ரப்பர் மீனும் தவளை இரையும் இருக்கும். ஆனால் இறங்கப்போகிற தண்ணீர் யாருடையது என்று விசாரித்துவிட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

எங்கள் ஊர்க் கண்மாய்கள் பலவற்றிலும் மீன்பாசி ஏலம், அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், உண்டு. ஏலம் எடுத்தவர் பணம் கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, மாதக்கணக்கில் காவல் காத்திருப்பார். அதில் கேட்காமல் தூண்டில் போடுவதும் அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறிப்பதும் ஒன்றுதான். கரையிலுள்ள டீக்கடையில் "அண்ணே, இந்தக் கண்மாய் யாரு ஏலத்துல இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். முறையாகக் கேட்டவரைப் பெரும்பாலும் யாரும் விரட்டுவதில்லை. எந்த மூலையில் ஆழம், எங்கே முள்மரம் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள். கம்பை விரிக்கும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும்.

மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் தண்ணீரின் மேல்மட்டத்தில் செங்காவி நிறத்தில் திரளாகச் சுற்றும். ஒரு கை அகலப் பொட்டு அசைவதுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் மூச்செடுக்க ஒவ்வொன்றாக மேலே வந்து மறையும். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அந்தப் பொட்டின்மேல் தவளை இரையை எறிந்தால் பெரிய விரால் கண்டிப்பாகப் பாயும். பசியினால் இல்லை, குஞ்சைக் காக்கத்தான். அதைத் திறமை என்று நினைத்துத் தூக்கிவிட்டால் காவல் இழந்த குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். தயவுசெய்து அங்கே மட்டும் எறியாதீர்கள்.

காவிரிக்குப் போகிறவர்களின் தவறு வேறு. 1946-இல் கபினியில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்த கதையைப் படித்துவிட்டு அந்த ஆசையில் வருகிறார்கள். திமில் மஹ்சீர் எனப்படும் அந்த மீன் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழ்வது. இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் ஒரு பெரும்பகுதி 2022-இல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாகிவிட்டது. ஒகேனக்கலில் பரிசல்காரர்கள் மீன் விற்பதைப் பார்த்து, நாமும் காட்டுக்குள் போய் எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போடலாம் என்று நினைக்காதீர்கள். வனத்துறையைக் கேட்காமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில் முதலையும் உண்டு.

இனி கடல். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை இது கட்டுப்படுத்தாது. ஆனால் கூடுதல் பணம் தருகிறேன், விசைப்படகில் கூட்டிப்போங்கள் என்று கேட்கிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் வருகிறார்கள். பிடிபட்டால் உங்களுக்கு ஒரு விடுமுறை கெடும், படகுக்காரருக்குப் பிழைப்பே போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. படகு கிடைத்தது என்று அங்கே போய் இறங்கிவிடாதீர்கள்.

காற்றைப் பார்க்காமல் இடம் பிடிப்பது இன்னொன்று. இங்கே கடல் இரண்டு: தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. ஆனி, ஆடியில் தென்கடல் பொங்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை இறங்கியதும் எல்லாம் தலைகீழ். போன தடவை பாரை மீன் கிடைத்த இடம் என்பதற்காகக் கொந்தளிக்கிற பக்கம் போய் நிற்கக் கூடாது. அதிலும் தூண்டில் வளைவின் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்சுவர்) பாறைகளில் பாசி வழுக்கும். நீங்கள் நிற்கும் கல் நனைய ஆரம்பித்தால் அலை ஏறுகிறது என்று அர்த்தம், உடனே இறங்கி வாருங்கள்.

மீனைக் கையில் பிடிப்பதில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். மண்டபம் ஊரில் ஒரு தம்பி இருங்கெளுத்தி பிடித்தார். கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடு ஓடும் அழகான மீன். படம் எடுக்க முதுகைச் சேர்த்துப் பிடித்ததும் அலறினார். முதுகில் ஒன்று, இரண்டு பக்கத் துடுப்பிலும் ஒவ்வொன்று என மூன்று நச்சு முள் அதற்கு உண்டு. கூட வந்தவர்கள் ஐஸை வைத்தார்கள். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, ஐஸை எடுங்க, வெந்நி வைங்க" என்று ஓடி வந்தார். அதுதான் சரி. அந்த நஞ்சின் வீரியம் சூட்டில் குறையும். 45 டிகிரி அளவில், தாங்கக்கூடிய சூட்டில், கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். சூட்டை அடிபடாத கையால் சோதியுங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. வலி குறைந்தாலும் முள் உள்ளே ஒடிந்திருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். தேளி மீனுக்கும் திருக்கை மீனுக்கும் முதலுதவி இதுவே. திருக்கை முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கெளுத்தி மாட்டினால் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், கழற்ற வராவிட்டால் தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள்.

பந்தாக ஊதும் பேத்தை மீனைப் பிள்ளைகள் விளையாட்டாகக் கேட்பார்கள். பார்க்கட்டும், ஆனால் குழம்புச் சட்டிக்குப் போகக் கூடாது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது. பூனைக்கும் போடாதீர்கள்.

கடைசியாக, பாறையில் சிக்கிய தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பு) அறுத்து அப்படியே விட்டுப்போவது. நாரையின் காலில் அது சுற்றி, தோல் அறுந்து, இரண்டு நாள் ஒற்றைக் காலில் நின்று செத்ததைப் பார்த்திருக்கிறேன். மணலில் விழும் தூண்டில் முள் அதைவிட மோசம். விடிகாலையில் கரைவலை இழுக்க வருகிறவர்கள் வெறுங்காலைத்தான் அதே மணலில் அழுந்த ஊன்றுவார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் முட்களை ஒருமுறை எண்ணுங்கள், ஒன்று குறைந்தாலும் டார்ச் அடித்துத் தேடி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.