முழு சஸ்பென்ஷன் மலைச் சைக்கிளைப் பல ஆண்டு காக்கும் முறை

முன்னும் பின்னும் அதிர்வுத் தாங்கிகள் கொண்ட கிராஸ் கன்ட்ரி மலைச் சைக்கிளின் பராமரிப்பை ஓட்டிய மணிக்கணக்கில் குறித்து வைக்க வேண்டும். ராக்‌ஷாக்ஸ் நிறுவன ஃபோர்க்கின், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் கவையின், கீழ்க்கால்களைச் சுமார் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, புதிய எண்ணெய் ஊற்றுவது அவசியம். தள்ளிப்போட்டால், தூசி தடுக்கும் ரப்பர் சீலைத் தாண்டி இறங்கும் தூசி ஃபோர்க் குழாயின் பூச்சையே தேய்த்துவிடும்.

பின்புற மூட்டுகளின் பேரிங்குகளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பின்புற அதிர்வை வாங்கும் ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு விரல்களில் தெரிந்தால், பேரிங்கை மாற்றும் காலம் வந்துவிட்டது. திரும்பப் பூட்டும்போது, உற்பத்தியாளர் குறித்த அளவுக்கே முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

12 வேகச் செயின் 0.5 சதவீதம் நீண்டதுமே மாற்றினால், விலையுயர்ந்த பின்பற்சக்கரங்கள் பிழைக்கும். உயர் அழுத்த நீரால் கழுவுவதை நான் அறவே ஏற்கமாட்டேன். ஒரு வாளித் தண்ணீரும் மென்மையான தூரிகையுமே போதும்.