தயமின் மீட்பு நொதியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போட்டால் காரைக்குடியில் என் அப்பத்தா திட்டுவார். "சத்தெல்லாம் போயிரும்" என்பார். சரியான பேச்சுதான். காரம் (ஆப்பசோடா போன்ற அமிலத்துக்கு எதிரான பொருள்) பட்டால் தயமின், அதாவது வைட்டமின் பி1, உடையும். மண்ணிலும் இதே கதை. ஆனால் உடைந்ததில் பிரிமிடின் என்ற பாதித் துண்டைச் சில பாக்டீரியாக்கள் வீணாக்காமல் உள்ளே இழுத்து, மறுபடி தயமினாக்கிக்கொள்கின்றன. அதற்கு உதவும் நொதி டென்ஏ (TenA). உங்கள் பாக்டீரியாவில் அது இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில், உயிரிகளின் வேதிவினைப் பாதைகளை வரைந்து காட்டும் கெக் (KEGG) தளத்தில் தயமின் வரைபடத்தை (எண் 00730) திறந்து, நமக்கு மாதிரியாக பேசில்லஸ் சப்டிலிஸ் 168 என்ற பாக்டீரியாவைத் தேர்ந்தெடுங்கள். பச்சைக் கட்டங்கள் அதனிடம் உள்ள நொதிகள். தைசி (ThiC) என்ற நொதி இருந்தால் பிரிமிடினைப் புதிதாகச் செய்யும் வழி உண்டு. தைஎம் (ThiM), டென்ஏ இரண்டும் மீட்பு வழி. தைடி (ThiD) இரண்டு வழிக்கும் பொது, அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து, யூனிபுராட் (UniProt) என்ற புரதத் தரவுத்தளத்தில் சப்டிலிஸின் டென்ஏ புரத வரிசையை எடுத்து, உங்கள் பாக்டீரியாவின் புரதங்களோடு பிளாஸ்ட் (BLAST, ஒத்த வரிசைகளைத் தேடும் கருவி) செய்யுங்கள். டிஎன்ஏ வரிசையை வைத்துத் தேடவே தேடாதீர்கள். தூரத்து உறவுகள் அதில் தப்பிவிடும்.

நான் இரண்டு வாரம் தொலைத்தது இதற்கு அடுத்த இடத்தில். கிடைத்த புரதத்துக்கு 'டிரான்ஸ்கிரிப்ஷனல் ஆக்டிவேட்டர்' என்று பெயர் இருந்தது. மரபணுவை முடுக்கும் புரதம்போல என்று ஒதுக்கிவிட்டேன். அதுதான் நான் தேடிய நொதி! செல்லுக்கு வெளியே போகும் புரோட்டியேஸ்களை (புரதத்தை வெட்டும் நொதிகளை) இது கூட்டுவதாக முதலில் கண்டதால் வந்த பெயர். உண்மையான வேலை 2007-இல்தான் தெளிவானது: உடைந்த தயமினிலிருந்து வரும் அமினோபிரிமிடினிலிருந்து அமினோ தொகுதியை நீரால் வெட்டி எடுப்பது. பழைய பெயரோ பல தரவுகளில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பெயரை விடுங்கள். புரதம் எந்தக் குடும்பம் என்று சொல்லும் இன்டர்புரோ (InterPro) தளத்தில் வரிசையைப் போட்டு, டென்ஏ சேர்ந்த பிஃபாம் (Pfam) 03070 குடும்பம் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் க்ளஸ்டல் ஒமேகா (Clustal Omega) கருவியில் சப்டிலிஸ் வரிசையோடு அடுக்கி, அதன் 135-ஆம் இடத்துச் சிஸ்டீனுக்கு (வெட்டும் வேலைக்கு முக்கியமான அமினோ அமிலம்) நேரே என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். உங்கள் வரிசையில் அந்த எண் மாறும், எண்ணை நம்பி எண்ணாதீர்கள்.

பின்சேர்க்கை: "சிஸ்டீன் இல்லை, அப்போது போலியா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவசரப்பட வேண்டாம். அங்கே குளுட்டமேட் என்ற வேறொரு அமினோ அமிலம் உள்ள கிளைக் குடும்பம் ஒன்று உண்டு. அதுவும் தயமின் துண்டுகளை மீட்கும் வேலைதான் பார்க்கிறது.