ஆம்ப்ளிஃபையருக்கு எத்தனை வாட் போதும்?

சிங்கப்பூரில் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்து ஆடியோ கடைகளில் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் "இது எத்தனை வாட்?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கு முன் வீட்டிலேயே முடிக்கவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

படி 1: சோபாவில் தலை சாயும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் வரை அளவு நாடா பிடியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டுக் கூடத்தில் இது ஏறக்குறைய 3 மீட்டர் வரும்.

படி 2: ஸ்பீக்கரின் கையேட்டில் 'சென்சிட்டிவிட்டி' என்ற வரியைத் தேடுங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்பதை அது சொல்லும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பிஎம்பிஓ' வாட்டைக் கண்டுகொள்ளவே வேண்டாம். அது விற்பனைக்காகப் போட்ட எண்.

படி 3: கணக்கு. ஸ்பீக்கர் 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தொலைவில் சுமார் 9 குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக, ஒரே வாட்டில் 80. சாவகாசமாகப் பாட்டுக் கேட்க 75 போதுமே என்பீர்கள். ஆனால் நாகஸ்வரக் கச்சேரியில் தவில் அடி விழும் கணத்துக்குச் சராசரியைவிட 20 டெசிபல் கூடுதலாக இடம் விடவேண்டும். அப்படியானால் தேவை 95, அதாவது 80க்கு மேல் இன்னும் 15. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிக்கும்: 1, 2, 4, 8, 16, 32. எனவே 50 வாட் ஆம்ப்ளிஃபையர் தாராளம். 100 வாட் வாங்கினால் அதற்குமேல் கிடைப்பது வெறும் 3 டெசிபல். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதே கூடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கராக இருந்தால் 8 வாட்டே போதும்.

படி 4: ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் 8 ஓம் மட்டும் என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். மின்னோட்டம் கூடிச் சூடேறும்.

படி 5: ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகக்கூடாது.

படி 6: இணைத்தபின் ஒலியை மெல்லக் கூட்டுங்கள். உச்ச ஸ்தாயியில் குரல் கரகரத்தால் ஆம்ப்ளிஃபையர் திணறுகிறது, உடனே குறைத்துவிடுங்கள். சிறிய ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்பது தவறு. அப்படித் திணறும்போது வெளிவரும் சிதைந்த ஒலியில் முதலில் கருகுவது உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர்தான்.